சாடிக்கு ஒரு கல்

எங்கள் கட்டடத்தில் யாச்சின் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு குழாய்கூடச் சொட்ட முடியாது. மூன்றாம் வாசலின் பொறுப்பாளர் என்று தெரு அலுவலகம் அவருக்குச் சிவப்புக் கைப்பட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அக்கா அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். படிக்கட்டு விளக்கு எரியவில்லையா, மூன்றாம் மாடிக் குழந்தைக்குக் காய்ச்சலா, எவனாவது சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினானா, அடுத்த நிமிடம் அக்காவின் குரல் நாலாம் மாடியிலிருந்து இறங்கிவரும். குரலுக்குப் பின்னால் நிதானமாக அக்கா வருவார்.

எனக்குக் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை. மெங் கடை என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணவர் என்று ஒருவர் இருந்தார்; இப்போது வேறொருத்தியின் கணவராக இருக்கிறார். மகன் டாலியனில் கப்பல் கம்பெனியில் வேலை செய்கிறான், புத்தாண்டுக்கு வருவான். ஆகவே எனக்குப் பொழுதுபோக்கு இந்தக் கட்டடம்தான். தலையைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எதையும் மறைப்பதில்லை. நானும் யாரையும் தூண்டித் துருவுவதில்லை, அவர்களாகக் கொட்டுவதைப் பெருக்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

யாச்சின் அக்கா வடக்கே எங்கள் ஷென்யாங் நகரத்தின் மேற்குத் தொழிற்பேட்டையில் வால்வு ஆலை மருத்துவமனையில் பிறந்தவர். ஆலைப் பள்ளியில் படித்து, பதினெட்டு வயதில் ஆலைக்குள் நுழைந்து, ஆலையில் கடைசல் வேலை பார்த்த பி என்பவரையே கட்டிக்கொண்டு, ஆலை கொடுத்த வீட்டிலேயே குடியேறினார். அந்த வீடுதான் இது. பிறகு ஆலையை மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்கள் பலர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அக்கா சந்தை வாசலில் துணி விரித்துக் காலுறை விற்றார். "ஆலை மூடினா காலு குளிராம இருக்குமா?" என்று கேட்பாராம். பனி கொட்டும் ஊரில் அது நல்ல கேள்விதான். வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

மகள் நிங்நிங்குக்குப் பதினாறு வயதாகும்போது பி கல்லீரல் நோயில் இறந்துபோனார். அக்கா தனியாகவே மகளைப் படிக்கவைத்தார், மகள் நன்றாகப் படித்தாள், நன்றாகப் படித்ததால் ஷென்ஜெனுக்குப் போனாள். இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தெற்கே போய்விட்டார்கள். அங்கே கைபேசி செய்யும் கம்பெனியில் திரையை வடிவமைக்கிறாளாம். தினமும் இரவு ஏழரை மணிக்கு அதே திரையில் அம்மாவோடு பேசுவாள்.

இனி கோசுக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இலையுதிர் காலம் முடியும்போது லாரி லாரியாக நீள முட்டைக்கோசு வந்து இறங்கும். ஒவ்வொரு வீடும் மலைபோல் வாங்கி, படிக்கட்டு ஓரமெல்லாம் அடுக்கி, வாடவிட்டு, பெரிய மண்சாடியில் உப்புப் போட்டு அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிடும். குளிர்காலம் முழுக்க அந்தப் புளித்த கோசுதான் குழம்பு, பொரியல், கொழுக்கட்டைப் பூரணம் எல்லாம். இப்போது சின்னவர்கள் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். பாக்கெட்டில் வருவது கோசு இல்லை, கோசின் போட்டோ என்பார் அக்கா.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு லாரிக்காரன் சில்லறையாகத் தர மாட்டேன், ஒரு கட்டு முழுசாகத்தான் என்று பிடிவாதம் பிடித்தான். ஒற்றை ஆளுக்கு ஒரு கட்டு எதற்கு? அக்கா வாதாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு ஒற்றை ஆளும் அதையே வாதாடிக்கொண்டிருந்தார். அவர்தான் டோங், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இருவரும் ஒரு கட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். டோங் அண்ணன் அக்காவின் பங்கை நாலு மாடி சுமந்து ஏற்றினார். இறங்கி வந்து, என் கட்டடப் படிக்கட்டில் கோசு வைக்கக் கூடாதென்று புதிதாகப் போர்டு மாட்டிவிட்டார்கள், என் பங்கையும் இங்கேயே வைக்கட்டுமா என்று கேட்டார். முதலில் அவருடைய கோசு குடியேறியது. சாடியில் கோசு புளிப்பதற்குள் அவரும் குடியேறிவிட்டார்.

கல்யாணப் பதிவு, சடங்கு எதுவும் கிடையாது. அந்த வயதில் எங்கள் பக்கம் நிறையப் பேர் இப்படித்தான் சேர்ந்து வாழ்கிறார்கள். அண்ணனுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு மகன் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும் அவன், அப்பா சந்தோஷமாக இருங்கள், ஆபீசுக்குப் போய்ப் பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள் என்றானாம். அவன் கவலை அப்பாவின் வீட்டைப் பற்றியது. அதை அவன் மறைக்கவும் இல்லை, அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் நிங்நிங்குக்குத் தெரியாது. கட்டடம் முழுக்கத் தெரிந்த ரகசியம் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. தினமும் ஏழரை அடிக்கச் சற்று முன்னால் டோங் அண்ணன் தேநீர்க் குடுவையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு என் கடைக்கு இறங்கி வருவார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு முக்காலி. அம்மாவும் மகளும் பேசி முடிக்கும்வரை நானும் அவரும் டிவி பார்ப்போம். நாடகத்தில் வருகிற மாமியாரை இருவரும் சேர்ந்து திட்டுவோம். பேச்சு முடிந்ததும், வீடுகளைச் சூடாக்க எல்லா மாடிக்கும் ஓடும் நீராவிக் குழாயில் மேலிருந்து கரண்டியால் தட்டும் சத்தம் கேட்கும். அண்ணன் குடுவையை மூடிக்கொண்டு மேலே போவார்.

எத்தனை நாள் இப்படி என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். மகள் என்ன கடித்தா தின்றுவிடுவாள்? தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த அக்கா கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ அப்பாவை எரிச்சுட்டுத் திரும்பி வர்றப்போ பஸ்ல என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா, நம்ம வீட்டுக்குள்ள வேற யாரையும் கூட்டிட்டு வரமாட்டதானேன்னு கேட்டா. வரமாட்டேன்னு சொன்னேன் மெங். பிள்ளைக்குக் குடுத்த வாக்கு."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சாயக் குப்பியைத்தான் திறந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் பெய்லின் வந்தாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிற பெண். ஹூனான் பக்கத்தவள், வட்ட முகம், மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. நாடு எப்படி மாறிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் தூரத்து ஊர்களுக்குப் போன பிறகு தனியாக இருக்கும் பெரியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவளுடைய ஆசிரியர் ஆராய்கிறாராம். தெரு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தின் கணக்குப்படி யாச்சின் அக்கா தனி ஆள். அக்காவால் மறுக்கவும் முடியவில்லை. கைப்பட்டை போட்டவரே ஒத்துழைக்காவிட்டால் எப்படி? உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட நிங்நிங்கின் எண்ணைத்தான் அலுவலகம் பெய்லினிடம் கொடுத்திருந்தது.

ஆகவே வாரத்தில் இரண்டு மாலை அக்கா அநாதையானார். பெய்லின் வரும் நாட்களில் மதியமே டோங் அண்ணன் என் கடைக்கு வந்துவிடுவார். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு ஒவ்வொரு தடவையும் முடி வெட்டச் சொல்வார். வாரத்துக்கு இரண்டு தரம் வெட்டினால் தலையில் என்னதான் மிஞ்சும்? இந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு மாதம் நீண்டால் உங்கள் தலையில் நான் மெழுகுதான் பூச வேண்டியிருக்கும் என்றேன்.

மேலே நடந்ததை அக்கா பிறகு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாசலில் ஆண் செருப்பு கிடப்பதைப் பெய்லின் பார்த்துவிட்டாள். திருடனைப் பயமுறுத்த வைத்திருக்கிறேன், தனியாக இருக்கிற பொம்பளை வேறென்ன செய்வாள் என்றாராம் அக்கா. நிறையப் பெண்கள் அப்படி வைப்பதுண்டு என்பதால் பெய்லின் அப்படியே நம்பி, தனியாக வாழும் பெண்களின் தற்காப்பு ஏற்பாடுகள் என்று எழுதிக்கொண்டாள். குளியலறையில் முகம் மழிக்கும் கத்தி இருந்தது. அதுவும் திருடனுக்கா என்று நான் கேட்டேன். பன்றிக்கால் முடி மழிக்க என்று சொல்லிவிட்டாராம்.

யாரோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் டிவியோடு என்பார். யாரோடு சண்டை போடுவீர்கள் என்று கேட்டாலும் டிவியோடுதான். பெய்லினுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அடுத்த தடவை தன் அம்மா அனுப்பிய மிளகாய் ஊறுகாயில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. "நல்ல பொண்ணு மெங். இதுகிட்டப் பொய் சொல்றது குழந்தை கையிலேர்ந்து மிட்டாயைப் பிடுங்கற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த வியாழக்கிழமை நான் மறக்க மாட்டேன். கோசு வாடிப் பதமாகியிருந்தது, அன்று சாடியில் போடாவிட்டால் கெட்டுவிடும். சாடியில் அடுக்குவதைப் பார்க்க வேண்டும் என்று பெய்லினும் ஆசைப்பட்டாள். இருவரும் சேர்ந்து அடுக்கி, உப்புத் தூவி, தண்ணீர் ஊற்றினார்கள். மிச்சம் இருந்தது கல். அது டோங் அண்ணன் ஹூன் ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கி வந்த கல், ஒரு கொழுத்த பூசணிக்காய் அளவு இருக்கும். பெய்லின் அதைப் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் இதை நீங்களேவா தூக்கி வைப்பீர்கள் என்று வியந்திருக்கிறாள்.

"பின்னே யாரு தூக்குவா?" என்றிருக்கிறார் அக்கா. சொன்ன பிறகு தூக்கித்தானே ஆக வேண்டும்?

கீழே நான் டோங் அண்ணனுக்கு இயந்திரத்தால் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடித்து வலது பக்கம் தொடங்கப் போகும் நேரம். தலைக்கு மேலே எங்கேயோ தொம்மென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பெய்லின் முகம் வெளுத்துப்போய்க் கடைக்குள் ஓடிவந்தாள். ஆன்ட்டி விழுந்துட்டாங்க, எழுந்திருக்க முடியல என்றாள். அவள் முடிப்பதற்குள் டோங் அண்ணன் நாற்காலியில் இல்லை. கழுத்தில் கட்டிய துணி பறக்க, அறுபத்தாறு வயது மனுஷன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். இயந்திரம் கையில் ஓடிக்கொண்டிருக்க நானும் பின்னால் ஓடினேன். அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அக்கா சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, எலும்பு எதுவும் முறியவில்லை, நல்லவேளை. அண்ணன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கட்டில் பக்கத்து இரண்டாவது இழுப்பறையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தார், அலமாரிக்குப் பின்னாலிருந்து இடுப்புப் பட்டையை எடுத்தார், சாயம்போன பச்சைத் தலையணையை அக்காவின் வயிற்றுக்குக் கீழே வாகாக நகர்த்தினார். உங்களை யார் தூக்கச் சொன்னது, ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். அக்காவும் தரையில் கிடந்தபடியே திருப்பித் திட்டினார். பெய்லின் சமையலறை வாசற்படியில் நின்று அண்ணனைப் பார்த்தாள், இழுப்பறையைப் பார்த்தாள், பிறகு வாசலில் கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆனால் அதற்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். பெரியவர்களுக்கு ஏதாவது ஆனால் உடனே பிள்ளைகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். படி இறங்கும்போதே நிங்நிங்குக்கு வீடியோ அழைப்புப் போட்டிருக்கிறாள். மேலே வந்து சேரும்போது நிங்நிங் திரையில் இருந்தாள். அம்மாவைக் காட்டு, அம்மாவைக் காட்டு என்று அவள் கத்த, பெய்லின் கைபேசியைத் திருப்பினாள். அம்மா தெரிந்தார். அம்மாவின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவரும் தெரிந்தார், கழுத்தில் முடிதிருத்தும் துணியோடு, ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் முடியுமாக.

"யாரு அது?" என்றாள் நிங்நிங்.

அண்ணன் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். "நான் பக்கத்து வீடும்மா" என்றார். அந்த நேரத்திலும் அவர் காப்பாற்ற நினைத்தது அக்காவின் வாக்கைத்தான். பாவி மனுஷன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவும் இல்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பக்கத்து வீடு இல்ல நிங்நிங். இந்த வீடுதான்."

டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றாள் நிங்நிங். பிறகு வைத்துவிட்டாள்.

அன்றிரவு ஏழரைக்கு அழைப்பு வரவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டு, நாலு நாள் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை, இன்று மாலை விமானத்தில் வருகிறேன் என்று ஒரு வரி மட்டும் அம்மாவுக்கு வந்தது. அதைப் படித்ததும் டோங் அண்ணன் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார், தன் நாலு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தார். கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். உட்காருங்கள் அண்ணே, மறுபக்கத்தையாவது முடித்துவிடுகிறேன் என்று நாற்காலியைத் தட்டினேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். தேநீர்க் குடுவையை முக்காலிக்குப் பக்கத்திலேயே மறந்துவிட்டுப் போனார்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சாடியில் கோசு கல் இல்லாமல் மேலே மிதந்துகொண்டிருந்தது. ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீர்ச் சட்டியை வைத்தேன். சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "விடு மெங். இந்த வருஷம் கோசு வேண்டாம்" என்றார். வாயாடி அக்கா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிங்நிங் உள்ளே வந்தாள். சின்ன வயதில் நான் சிண்டு போட்டுவிட்ட பெண். இப்போது தோள்வரை வெட்டி, விலையான கோட்டுப் போட்டிருந்தாள். தூங்காத கண். நேரே போய் டோங் அண்ணனின் முக்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த குடுவையை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

எவ்வளவு நாளாக என்றாள். மூன்று வருஷம் என்றேன். கட்டடத்துக்கே தெரியுமா என்றாள். கோசு ஏறின அன்றைக்கே தெரியும் என்றேன். எனக்கும் கோபம் வந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? நடந்ததையெல்லாம் சொன்னேன்: ஏழரை மணி, முக்காலி, குழாயில் தட்டும் கரண்டி, செருப்பு, பன்றிக்கால். செருப்புக் கதைக்கு வந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன் அத்தை என்கிட்ட மட்டும் சொல்லல? நான் என்ன சொல்லிடுவேன்னு அம்மா பயந்தாங்க?"

"நீதானே கேட்டே? அப்பாவை எரிச்சுட்டு வர்ற வழியில, பஸ்ல. வேற யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வராதேன்னு. உங்கம்மா வாக்குக் குடுத்துருக்கா."

நிங்நிங் என்னையே பார்த்தாள். யோசித்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்ல அத்தை" என்றாள். "பஸ் ஞாபகம் இருக்கு. ஜன்னல்ல பனி ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கு. இதை நான் கேட்டேனா?"

பிறகு அழுதாள். துண்டைக் கொடுத்துவிட்டு நான் துடைப்பத்தோடு திரும்பி நின்றுகொண்டேன். அவள் மறந்துபோன ஒரு சொல்லுக்காக அம்மாக்காரி இத்தனை வருஷம் தனியாகக் கிடந்திருக்கிறாள், அதற்குப் பிறகும் ஒரு மனுஷனைத் தினமும் மாடிப்படி இறக்கியிருக்கிறாள். யாரை நோவது? பதினாறு வயசுப் பிள்ளையையா, வாக்கைக் காப்பாற்றிய தாயையா? எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, முடித்தூள் விழுந்ததாக நடித்தேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் சொன்னாள்: "அந்தப் பாதித் தலை திரையில வந்ததும் யாரோ பைத்தியம் வீட்டுக்குள்ள புகுந்துடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் விமானத்துல யோசிச்சுக்கிட்டே வந்தேன். எங்கப்பா நல்லவருதான் அத்தை. ஆனா அவரா இருந்தா முடியை முழுசா வெட்டிட்டுத்தான் மேல வந்திருப்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பி அண்ணனை எனக்குத் தெரியும். தீப்பிடித்தால்கூடக் கடைசல் இயந்திரத்தைத் துடைத்து மூடிவிட்டுத்தான் ஓடுவார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டோங் அண்ணன் தோளில் துணிப்பையோடு நின்றார். பையின் அடி கனத்தில் தொங்கியது. நிங்நிங்கின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்திருக்கிறார். பையைத் தரையில் மெல்ல இறக்கி, காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போனேன், நல்ல கல்லாகக் கிடைத்தது, மேலே கொடுத்துவிடு தங்கச்சி, நான் வரவில்லை, கோசு கெட்டுவிடப்போகிறது என்றார். சொல்லிக்கொண்டே வரும்போது கண்ணாடியில் நிங்நிங்கின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

மனுஷனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்து ஓட்டிய காலத்துப் பழக்கம், மரியாதைக்குக் குல்லாயைக் கழற்றினார்.

இடது பக்கம் அறுத்த வயல், வலது பக்கம் நின்ற புல். இரண்டு நாள் குல்லாய்க்குள் இருந்ததில் அந்தப் புல்லும் நெட்டுக்குத்தாக நின்றது. நிங்நிங் முக்காலியில் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். ஓவென்று சிரித்துவிட்டாள். அண்ணன் முதலில் திகைத்து, பிறகு தலையைத் தடவிப் பார்த்து, தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். சிரித்து ஓய்ந்ததும் நிங்நிங் எழுந்து முக்காலியை நகர்த்திவிட்டாள்.

"உக்காருங்க டோங் மாமா. முடியை முடிச்சுட்டு, கல்லைத் தூக்கிட்டு மேல வாங்க. எங்கம்மாவால தூக்க முடியாது, எனக்கு வைக்கத் தெரியாது."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைக் கட்டும்போது அவர் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நடுங்கினால் காதை வெட்டிவிடுவேன் என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நானே இயந்திரத்தை இரண்டு தரம் தப்பான இடத்தில் ஓட்டிவிட்டேன். அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு மோசமாக யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். நிங்நிங் பக்கத்திலேயே நின்று, அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, மருந்தை எப்போது கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, போகவில்லை. கல் சாடிக்குள் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் பழையபடி கட்டடம் அதிர இறங்கி வந்தது: படிக்கட்டில் கல்லிலிருந்து ஆற்று மண்ணைக் கொட்டியது யார், பெருக்குவது யார்?

பெய்லின்தான் பாவம், ஆடிப்போயிருந்தாள். தனி ஆள் என்று எழுதிய அக்கா தனி ஆள் இல்லை. அக்கா அவளிடம் மன்னிப்புக் கேட்டு, செருப்பிலிருந்து பன்றிக்கால்வரை ஒவ்வொன்றாகத் திருத்திச் சொன்னார். பெய்லின் கோபித்துக்கொள்ளவில்லை, பன்றிக்காலை நம்பியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். ஆசிரியரிடம் போய்ச் சொன்னாளாம். அவர், மற்ற வீடுகளிலும் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார் என்றாராம். எட்டிப் பார்த்தாள். இன்னும் சில டோங்குகள் அகப்பட்டார்கள். பதிவும் இல்லாமல் பெயரும் இல்லாமல் இப்படிச் சேர்ந்து வாழும் பெரியவர்களைப் பற்றியே இப்போது அவள் எழுதுகிறாள்.

நிங்நிங் ஒரு வாரம் இருந்துவிட்டு ஷென்ஜெனுக்குத் திரும்பினாள். போகும்போது பாக்கெட்டில் இல்லாத கோசு வேண்டும் என்று கேட்டாள். புளிக்க இன்னும் நாளாகும், புத்தாண்டுக்கு வா என்றார் அக்கா.

அவள் போன மறுநாள் இரவு வழக்கம்போல ஏழரைக்குச் சற்று முன்னால் இரண்டு கிண்ணத்தில் தேநீர் ஊற்றினேன். டிவியைப் போட்டேன். நாடகத்தில் அந்த மாமியார் மருமகளின் நகையைத் திருடிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்து பக்கத்தில் பார்த்தால் முக்காலி காலியாக இருந்தது. நீராவிக் குழாய் வழியாக மேலே மூன்று பேர் பேசும் சத்தம் மெல்லக் கேட்டது. அதில் ஒன்று கைபேசிக்குள்ளிருந்து. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனாலும் அந்தத் தேநீரைக் குடிக்கப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து நாலைந்து நாள் அப்படியே போயிற்று.

பெய்லின் அடுத்த முறை வந்தபோது, மேலே போய்விட்டு ஏழரைக்குச் சற்று முன்னால் என் கடைக்கு இறங்கி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"உனக்குத் தனி ஆள் ஒண்ணு குறையுதுல்ல? என் பேரை எழுதிக்கோ. ஏழரை மணிக்கு மேல நான்தான் தனி. என்னோட நாடகம் பாத்த மனுஷனை உன் ஆராய்ச்சி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

அவள் சிரித்துக்கொண்டே முக்காலியைக் கையில் எடுத்தாள். மேலே கொழுக்கட்டை போடுகிறார்கள், உட்கார இடம் போதவில்லை, முக்காலியையும் மெங் அத்தையையும் தூக்கிக்கொண்டு வா என்று யாச்சின் அக்கா சொல்லியனுப்பியதாகச் சொன்னாள். நாடகம் ஆரம்பிக்கப் போகிறதே என்றேன். மேலேயும் டிவி இருக்கிறது என்றாள்.

அந்த நேரம் நீராவிக் குழாயில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது தரமும் தட்டினார்கள். நான் கடை விளக்கை அணைத்தேன்.